சின்னவளின் முள்

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

உப்பளம் டீக்கடையில் கண்ணையன் அண்ணன் இன்றும் இரண்டு டீ நீட்டினார். ஒன்று போதும் என்று போன வாரமே சொல்லியாகிவிட்டது. "ஆமாம்ல! கை பழகிப்போச்சும்மா" என்று ஒன்றைத் தானே குடித்துக்கொண்டார். அஃப்ஷீன் வேலை கிடைத்துக் கொச்சிக்குப் போனது தெருவுக்கே தெரியும். அவர் கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

ஆய்வுக்கூடம் என்று பெயர்தான் பெரிது. ஸ்டேடியத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. முன்னறையில் இயக்குநர் விஜயராகவன் சாரும் ஏசியும். பின்னறையில் ஸ்பிரிட் ஜாடிகள், இரண்டு மைக்ரோஸ்கோப், நான். நான்கு வருடமாக அந்த இரண்டுக்கும் இரண்டு பேர் இருந்தோம், அஃப்ஷீனும் நானும். பேசிக்கொண்டே வேலை செய்தோம் என்று சொல்ல முடியாது. பாதி நாள் பேசவே மாட்டோம். ஆனால் எதையாவது பார்த்துவிட்டு "ஏய்" என்றால் பக்கத்து நாற்காலி திரும்பும். இப்போது "ஏய்" என்று யாரிடம் சொல்வது?

இன்று எறா மாதிரி இருக்கும் எங்கள் ஆழ்கடல் பிராணியை, சின்னவளை, ஜாடியிலிருந்து எடுத்து இடதுபுறக் கால்களைக் கழற்றி வரைந்தேன். வலதுபுறம் தொடவில்லை. ஒரு பக்கத்தை நாம் பிரிக்கலாம், மறுபக்கம் பின்னால் சந்தேகப்பட்டு வருகிறவருக்கு என்பது எங்கள் தொழிலின் வழக்கம். சந்தேகப்பட ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

6 பிப்ரவரி, வியாழன்

அம்மா போன். மதகடிப்பட்டுப் பக்கம் அறுவடை முடிந்துவிட்டதாம்.

"இன்னாடி பண்ற?"

"வரைஞ்சிகினு இருக்கேன்."

"இன்னும் அந்த எறாதானா?"

எறா இல்லை அம்மா. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எறாவுக்கு முதுகு ஓடு நெஞ்சோடு முழுக்க ஒட்டியிருக்கும். இவளுக்குக் கழுத்துப் பொத்தான் மட்டும் போட்ட சட்டை மாதிரி, முன்னால் ஒட்டி, பின்னால் சும்மா கிடக்கும். தூக்கிப் பார்த்தால் அடியில் நெஞ்சின் கடைசிக் கணுக்கள் தனித்தனியாகத் தெரியும். எறா முட்டையை வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டு திரியும். இவள் கால்களின் அடிப்பக்கம் வளரும் தகடுகளைக் கூட்டிச் சேர்த்து ஒரு பை கட்டி, குஞ்சுகளை அதற்குள் வைத்து வளர்ப்பாள். பை கட்டும் சொந்தக்காரர்கள் இன்னொரு கூட்டமும் உண்டு. பொடிசுகள். அவர்கள் வால் விசிறியில் ஒரு கல் வைத்திருப்பார்கள், தலைகீழாகப் போகிறோமா நேராகப் போகிறோமா என்று தெரிவதற்கு. இவள் வாலில் கல் கிடையாது. அவர்களுக்கு இல்லாத செவுள் இவளுக்குக் காலடியில் கொத்துக்கொத்தாக உண்டு. ஆக, எறாவும் இல்லை, பொடிசும் இல்லை. இந்தக் கூட்டத்துக்கு லோபோகாஸ்ட்ரிடா என்று பெயர். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

"திங்கலாமா அத?" என்று கேட்டாள்.

"ஸ்பிரிட்ல கெடக்குதும்மா."

"அப்ப எதுக்குத்தான் ஆவும்?"

தெரியவில்லை என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்தபின் ரெட்டியார்பாளையத்து என் மாடி அறை முழுக்க மின்விசிறிச் சத்தம் மட்டும்.

9 பிப்ரவரி, ஞாயிறு

துணி துவைத்தேன். மதியம் தூங்கினேன். எழுந்ததும் அந்த நாள் ஞாபகம் வந்தது. எழுதிவிடலாம், அப்போதாவது தலைக்குள் ஓடுவது நிற்கிறதா பார்ப்போம்.

அந்தமான் கடலில் தொள்ளாயிரம் மீட்டருக்குக் கீழே போட்ட வலையில் வந்தவை எங்கள் ஜாடிகள். அதில் பெரியவளை உலகத்துக்கே தெரியும். நீளமான பெயர் உண்டு, நியோநாத்தோபாசியா இன்ஜென்ஸ். நாங்கள் பெரியவ என்போம். முக்கால் முழ நீளம் வருவாள். உயிரோடு ரத்தச் சிவப்பு, ஸ்பிரிட்டில் விழுந்தால் பழைய சோறு நிறம். அவளைப் போலவே இருந்த மூன்று சிறிய பெண்களை நான்தான் தனியே பிரித்தேன். முதுகு ஓட்டின் பின்முனையில் வாலை நோக்கி நீளும் ஒரு முள், பெரியவளுக்குக் குட்டை; இவர்களுக்கு மிக நீளம். அதோடு, காலடியில் பைத் தகடுகள் இருந்தன. தகடு இருந்தால் வளர்ந்தவள் என்றுதானே அர்த்தம்? உருவத்தில் சிறிய, முள் நீண்ட, புது இனம். சின்னவ என்று பெயர் வைத்தோம். வைத்தது அஃப்ஷீன்தான்.

ஜனவரியில் சார் மீட்டிங் போட்டார். போஸ்டர் அடிக்க வேண்டும், பத்திரிகைக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் குதித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "சார், இது குட்டி. பெரியவளோட குட்டி. வளர வளர முள்ளு குட்டையாயிடும். முன்னாடியே இதுல ஏமாந்தவங்க இருக்காங்க."

"தகடு இருக்கே?" என்றேன்.

"தகடு சின்ன வயசுலயே மொளைக்கும்டி. ஓடு கழட்டக் கழட்டப் பெருசாவும்."

என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே. சார் முன்னால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் நான் சொன்னேன்: "கொச்சிக்குப் போறவளுக்கு இத பத்தி இன்னா?" கொச்சிக்கு விண்ணப்பித்ததையே அவள் என்னிடம் சொல்லவில்லை. சார் வாயிலாகத்தான் கேள்விப்பட்டேன். அந்தக் கோபம் வேறு.

அதன்பின் பேசவில்லை. அவள் கிளம்பின அன்றும் நான் லீவு போட்டேன்.

எழுதிவிட்டேன். நிற்கவில்லை.

14 பிப்ரவரி, வெள்ளி

சின்னவளைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியாகிவிட்டது. தன் குருவின் பெயரை இனத்துக்கு வைக்கலாம் என்று சார் ஆசைப்பட்டார். ஊர்ப் பெயரே இருக்கட்டும் என்று அந்தமானை வைத்தேன். ஆசிரியர்: துர்கா. பக்கத்தில் யாருமில்லை.

9 மார்ச், ஞாயிறு

பெரிய மார்க்கெட்டில் கருவாட்டுக் கடைச் சந்தில் அஃப்ஷீனின் அம்மா மஹ்பூபாவிடம் மாட்டிக்கொண்டேன். நழுவப் பார்த்தேன். இரண்டு கையிலும் பை வைத்துக்கொண்டு எப்படித்தான் என் முந்தானையைப் பிடித்தாரோ.

"ஏம்மா, நோன்பு வந்து ஒரு வாரமாச்சு. கஞ்சிக்கு ஏன் வரல? வருசா வருசம் வருவியே?"

"வேலைம்மா."

"அவளும் அங்க வேலைங்கறா. நீயும் வேலைங்கற. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மூஞ்சி தொங்குது, அவளோடத போன்ல பாத்தேன்."

நான் சிரித்து வைத்தேன். முல்லா வீதி வீட்டுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். போகப்போவதில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் என் பையில் திணித்துவிட்டுப் போனார். ஆட்டோவில் வரும்போதே பாதி தின்றுவிட்டேன்.

20 மார்ச்

இன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் தொண்டையைச் செருமியபோதுதான் தெரிந்தது.

31 மார்ச், திங்கள்

ரம்ஜான். அஃப்ஷீன் ஊரில்தான் இருக்கிறாள். கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம் தங்கையோடு நிற்கிற படம் ஸ்டேட்டஸில். எத்தனை முறை பார்த்தேன் என்று எழுத மாட்டேன். பார்த்தவர்கள் பட்டியலில் என் பெயர் அவளுக்குத் தெரியும். ஆகவே நான் பார்த்தது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். போன் மட்டும் அடிக்கவில்லை. ரெண்டு பேருக்கும் திமிருதான். என்கிட்ட கொஞ்சம் அதிகம், போவட்டும்.

பெரியவளைப் பற்றி ஒரு செய்தி உண்டு. குஞ்சுகளைப் பையில் வைத்திருக்கும் ஒன்றரை வருடமும் அவள் எதுவும் சாப்பிடுவதில்லையாம். கல்லூரியில் பேசப் போனால் எல்லோரும் இதைக் கேட்டு "அம்மான்னா அம்மாதான்" என்று உருகுவார்கள். எனக்கு உருக்கம் வராது. அந்த இருட்டில் ஒன்றரை வருடம் பேச்சுத் துணைக்கு யார் என்றுதான் தோன்றும்.

22 ஏப்ரல், செவ்வாய்

ஆய்விதழிலிருந்து, பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர்கள் இருவரின் கருத்து வந்துவிட்டது! முதலாமவர் இரண்டு பக்கத்துக்குக் காற்புள்ளி அரைப்புள்ளி திருத்தியிருக்கிறார். விலங்கைப் பார்த்தாரா என்றே சந்தேகம். இரண்டாமவர் நான்கே வரி. படங்கள் சுத்தமாக உள்ளன, விளக்கம் தெளிவு, வெளியிடலாம், இனி மாதிரிகள் கிடைத்தால் முள்ளின் வளர்ச்சியைக் கவனிக்கலாம். அவ்வளவுதான். இந்தக் கூட்டம் தெரிந்தவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர். அதில் இரண்டு பேர் தலையாட்டிவிட்டார்கள்.

சார் ஸ்வீட் வாங்கினார். "துர்கா, இத வெச்சுத்தான் புராஜெக்ட்ட நீட்டிக்கணும். உன் வேலையும் இதுலதான் இருக்கு." ஸ்வீட் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தேன். ஏய் பார்த்தியா, நான் சொன்னது சரி என்று சொல்ல வேண்டிய ஒரே ஆள் கொச்சியில் இருக்கிறாள். சந்தோஷம் வந்தது, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே இருந்துவிட்டுப் போய்விட்டது.

6 மே, செவ்வாய்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பிரிக்காமல் கடைசியாகக் கிடந்த ஜாடியை இன்று திறந்தேன். திறக்க வேண்டிய அவசியமே இல்லை. கட்டுரை முடிந்துவிட்டது. வெறுமனே உட்கார முடியாமல் திறந்தேன். அதில் இன்னொரு சின்னவள். நீண்ட முள், பைத் தகடுகள், எல்லாம் சரி. புது இனத்தின் பெயரைச் சீட்டில் எழுதி ஜாடிக்குள் போட்டேன். பிறகு ஃபோர்செப்ஸால் அவளைத் தூக்கியபோது முதுகு ஓடு தளர்ந்து ஆடியது. அழுகல் என்றுதான் முதலில் நினைத்தேன். அழுகல் இல்லை. ஓடு கழற்றப்போகிற நேரத்தில் வலையில் மாட்டியிருக்கிறாள். பழைய ஓட்டுக்கு அடியில் புதுத்தோல் முழுதாகத் தயார்.

முள்ளை விளக்குக்கு நேரே பிடித்தேன். பழைய முள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அதற்குள்ளே புது முள். அக்கா சட்டையைப் போட்ட தங்கையின் கை மாதிரி, பாதியிலேயே முடிந்துவிட்டது. மேலே வெறும் கூடு.

உடனே ஒரு சாக்குத் தேடினேன். புதுத்தோல் சுருங்கி மடிந்திருக்கும், கழற்றியதும் தண்ணீர் குடித்து விரியும், அப்போது முள்ளும் நீளும் இல்லையா? பெரிதாக்கிப் பார்த்தேன். உடம்பில் மற்ற இடமெல்லாம் மடிப்பு இருக்கிறது, முள்ளில் ஒரு மடிப்பும் இல்லை. நீள்வதற்கு அங்கே எதுவும் இல்லை. பிறகு இடதுபுறத் தகடு ஒன்றைப் பார்த்தேன். பழைய தகட்டுக்குள் அதைவிடப் பெரிய புதுத் தகடு மடங்கி உட்கார்ந்திருக்கிறது, ஓரத்தில் அப்போதுதான் மயிர் அரும்பிக்கொண்டு. தகடு வளர்கிறது. முள் குறைகிறது. இன்னும் வளர்ந்து முடியாத பெண்.

சின்னவள் என்று ஒருத்தி இல்லை. பெரியவளின் குட்டிதான்.

அய்யோ, அவ சொன்னதேதான். ஒரு எழுத்து மாறாம அவ சொன்னதேதான்.

7 மே

ஜாடியை மூடி அலமாரியின் பின்வரிசையில் வைத்தேன். யாருக்குத் தெரியும்? சாருக்கு முள்ளும் தெரியாது, தகடும் தெரியாது. அந்தமான் கடலில் இன்னொரு வலை போட இன்னும் பத்து வருடம் ஆகும். வேலை இருக்கும். இனத்துக்குப் பக்கத்தில் என் பெயர் நிற்கும், நான் போனபின்னும் நிற்கும்.

மதியம் அலமாரியைத் திறந்தேன். பின்வரிசையிலிருந்து எடுத்து முன்வரிசையில் வைத்தேன்.

8 மே, வியாழன்

சாரிடம் காட்டினேன். லென்ஸில் குனிந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். விளக்கினேன். புரிந்தபின் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இது நம்ம ரெண்டு பேருக்கும்தான தெரியும்?"

"ஆமா சார்."

"அவசரப்படாத. ரெவ்யூவே ஓகே சொல்லிட்டாங்க."

"அவங்க இத பாக்கல சார். நான் பாத்துட்டேன்."

வெகுநேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். கெட்டவர் இல்லை. பயந்தவர். "செப்டம்பர் வரைக்கும் உனக்குச் சம்பளம் இருக்கு. அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆய்விதழுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பும்வரை வீரமாகத்தான் இருந்தது. அனுப்பியபின் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

10 மே, சனி

முள்ளுக்குள் முள் இருக்கும் படத்தை அஃப்ஷீனுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. உலகத்தில் அதைப் பார்த்தவுடனே புரிந்துகொள்கிறவள் வேறு யார்?

நலமா, எப்படி இருக்கே, ஒன்றும் கேட்கவில்லை. உடனே பதில் வந்தது: "தகட்ட காட்டு."

காட்டினேன்.

"ஓரத்துல மயிரு?"

"இப்பதான் அரும்புது."

டைப் பண்ணுகிறாள், நிற்கிறாள், பண்ணுகிறாள், நிற்கிறாள். கடைசியில் போனே வந்தது.

"பேப்பரு?" என்றாள்.

"வாபஸ் வாங்கிட்டேன்."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம். எனக்காக அழுகிறாள் என்று நினைத்து நான் சமாதானம் சொல்லப் போனேன். அப்போது சொன்னாள்: "துர்கா, ரெண்டாவது ரெவ்யூவர் நான்தாண்டி."

"தெரிஞ்சேவா விட்ட?"

"தெரிஞ்சுதான். ஏற்கெனவே ஒருவாட்டி சார் முன்னாடி உன்ன ஒடச்சுட்டேன். எழுதி வேற அனுப்பி ரெண்டாவது வாட்டியும் நானே ஒடைக்கணுமா? உன் வேலையும் போயிடும்னு தெரியும். நாலு வரி எழுதிட்டு அன்னிக்கெல்லாம் தூங்கல."

நான் என்ன சொன்னேன்? நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அன்னிக்கு நீ சொன்னது தப்பில்ல. இதுதாண்டி தப்பு" என்றேன். வைத்துவிட்டேன்.

11 மே

கோபம். இவ்வளவு கோபம் ஜனவரியில்கூட இல்லை. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றுதானே நான் நான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்? ஒரு மயிருக்கு மறு மயிரை எண்ணிச் சண்டை போடுகிறவள். என்னைப் பாவம் பார்த்துவிட்டாள். நான் அந்த ஜாடியைத் திறக்காமல் இருந்திருந்தால் ஒரு பொய்யான இனம் எங்கள் இருவர் தயவில் உலகத்தில் நின்றிருக்கும். ஒருத்தி எழுத, ஒருத்தி தலையாட்ட.

19 மே, திங்கள்

அஃப்ஷீன் ஆய்விதழுக்குத் தானே எழுதிவிட்டாளாம். கட்டுரை எழுதியவள் என் தோழி, நான் மதிப்பிட மறுத்திருக்க வேண்டும், தவறான பரிந்துரை கொடுத்தேன் என்று. இனி எந்தக் கட்டுரையும் மதிப்பீட்டுக்குத் தன்னிடம் வராது என்று ஒரே வரிச் செய்தி அனுப்பினாள். அப்படி எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்க நினைத்தேன், கேட்பதற்குள் செய்துவிட்டாள்.

பதில் போடவில்லை. ஆனால் கோபத்தைத் தேடினேன், வைத்த இடத்தில் இல்லை.

7 ஜூன், சனி

பக்ரீத். முல்லா வீதியிலிருந்து மஹ்பூபா அம்மா பிரியாணியைக் கேரியரில் கொடுத்தனுப்பினார். கொண்டுவந்தது யார் என்று எட்டிப் பார்த்தேன். யாரோ ஆட்டோக்காரர். அவள் இல்லை.

9 ஜூன், திங்கள்

காலையில் அஃப்ஷீனே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். வாசலிலேயே நின்றாள். நான் "உள்ள வா" என்று சொல்லவேண்டி வந்தது. நான்கு வருடத்தில் இது முதல் தடவை.

"அங்க எல்லாம் நல்லவங்க" என்றாள். "ஆனா எதையாச்சும் பாத்தா காட்டறதுக்கு ஆளு இல்ல."

அந்தக் கடைசி ஜாடியைக் கேட்டாள். எடுத்து வைத்தேன். லென்ஸில் முள்ளைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள், பிறகு உள்ளே கிடந்த பெயர்ச் சீட்டுகளைப் படித்தாள். எங்கள் தொழிலில் தப்பான சீட்டைத் தூக்கி எறிவதில்லை. முதலில் என்ன நினைத்தோம் என்பதும் ஜாடிக்குள்ளேயே இருக்க வேண்டும். அதன் பின்னால் சரியானதை எழுதிச் சேர்ப்போம். ஆகவே முன்னால் என் சீட்டு, புது இனம் என்று. பின்னால் போன வாரம் நான் எழுதிப் போட்டது. நியோநாத்தோபாசியா இன்ஜென்ஸ், இளம் பெண். இனம் கண்டவர்: அஃப்ஷீன். ஜனவரி 21, 2025.

அவள் தலை நிமிரவில்லை. "என் பேர எடுத்துடு. பொய்க்கு ஓகே சொன்னவ நான். என் பேரு இதுல இருக்கக் கூடாது."

"தேதியப் பாரு" என்றேன். "அது ஜனவரி. அன்னிக்கு நீ பொய் சொல்லல."

லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தொடவில்லை. தொட்டிருந்தால் இரண்டு பேருமே அழுதிருப்போம், முன்னறையில் சார் வேறு இருந்தார்.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "இருபத்தொன்னு இல்ல. இருபத்திரெண்டு. அன்னிக்கு புதன்கெழம, மீட்டிங்கு."

காலண்டரைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. புதுச் சீட்டு எழுதினேன், மை காயட்டும் என்று ஊதினேன். அவளே ஃபோர்செப்ஸால் எடுத்து உள்ளே விட்டாள். சாயங்காலம், கொச்சி ரயிலைப் பிடிக்க, அவளை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.